விராட பர்வத்தை நோட்டீசிலிருந்து எடுத்த விழாக் குழுவுக்கு

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாக் குழுத் தலைவர், நாட்டாண்மை, தர்மகர்த்தா, உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த வருஷத்து விழா நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. கூத்து வரிசையில் திரௌபதி குறத்தியாக வரும் குறவஞ்சி இல்லை. பாண்டவர்கள் வேடம் மாறி ஒளிந்திருந்த வருஷத்தைச் சொல்லும் விராட பர்வமும் இல்லை. அந்த இரண்டு இரவுகளுக்கு நேரே ‘இன்னிசைக் கச்சேரி’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். விசாரித்தேன். கூட்டத்தில் பேசி எடுத்த முடிவு என்றார்கள், காரணத்தையும் சொன்னார்கள். “வேஷம் மாறிப்போய் ஊரை ஏமாத்துற கதையெல்லாம் பிள்ளைங்களுக்கு எதுக்கு? ஆம்பளைங்க பொடவை கட்டிக்கிட்டு ஆடுறதைப் பார்க்கவே அசிங்கமா இருக்கு.” இதைப் பேசியவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர்கூட மறுத்துப் பேசாததால் அது குழுவின் பேச்சாகிவிட்டது. அதனால் பதிலையும் குழுவுக்கே எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். இந்தக் கோயில் வாசலில் பல வருஷம் திரௌபதி வேடம் கட்டியவரின் மகள் நான். உங்களில் பாதிப் பேரை மாமா, பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில், ஏமாற்றும் கதை என்று சொன்னீர்களே, அதைப் பேசுவோம். நீங்கள் நிறுத்தாமல் வைத்திருக்கும் இரவுகளைப் பாருங்கள். முதல் இரவு வில்வளைப்பு. பாஞ்சாலன் சபையில் வில்லை வளைத்துக் குறியை அடிப்பவன் எந்தக் கோலத்தில் வருகிறான்? பிராமண வேடத்தில். அரக்கு மாளிகையில் வெந்து செத்தார்கள் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்க, ஏகசக்கரத்தில் பிச்சை எடுத்துச் சாப்பிட்டு மறைந்திருந்தவர்கள் அவர்கள். அடுத்து இராசசூயம். அந்த யாகம் நடக்க வேண்டுமானால் சராசந்தன் சாக வேண்டும். அவன் கோட்டைக்குள் கண்ணனும் வீமனும் அர்ச்சுனனும் நுழைந்தது அந்தணர் வேடத்தில்தான். அர்ச்சுனன் தபசுக்கு ஊரே திரண்டு வரும். தபசு மரத்தின் மேலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்திப் பெண்கள் நிற்பார்கள். அந்த இரவில் வரும் பன்றி மூகாசுரன். பன்றியைத் துரத்தி வரும் வேடன் சாட்சாத் சிவபெருமான். கர்ண மோட்சத்தில் அம்பு தைத்துக் கிடக்கிற கர்ணனிடம் கிழவேதியனாக வந்து, அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தாரை வார்த்து வாங்கிக்கொண்டு போவது கண்ணன். அதற்கு முன்பே அவனுடைய கவசத்தையும் குண்டலத்தையும் இதே பிராமண வேடத்தில் வந்து இந்திரன் வாங்கிப் போயிருக்கிறான். அந்தக் கர்ணனும் அந்தணன் என்று பொய் சொல்லித்தான் பரசுராமரிடம் வித்தை கற்றான். அதற்கான சாபம்தான் கடைசியில் அவனை மண்ணில் சாய்க்கிறது.

வேடம் கூடாது என்றால் பாரதத்தில் எந்த இரவு மிஞ்சும்? ஒன்று மிஞ்சும். பகடை துகில். யோசித்துப் பாருங்கள், அந்த ஓர் இரவில்தான் யாரும் வேடம் மாறுவதில்லை. சகுனி சகுனியாகவே உட்கார்ந்து பகடையை உருட்டுகிறான். துரியோதனன் துரியோதனனாகவே தொடையைத் தட்டுகிறான். பீஷ்மர், துரோணர், விதுரர் எல்லோரும் அவரவர் முகத்தோடு, அவரவர் ஆசனத்தில் இருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில், பெரியவர்கள் நிறைந்த சபையில், சாட்சிகளோடு நடக்கும் அந்தச் சூதுதான் பாரதத்திலேயே பெரிய ஏமாற்று. இந்தக் கதையை நூற்றுக்கணக்கான வருஷமாக ஆடி வருகிறவர்கள் அதைப் புரிந்துதான் ஆடுகிறார்கள். அப்படிச் சூதாடிப் பறித்தவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான், பறிகொடுத்தவர்கள் ஒரு வருஷம் வேடத்தில் கிடக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் காடு, ஒரு வருஷம் யார் கண்ணிலும் படாத வாழ்க்கை. அதற்குள் யாராவது அடையாளம் கண்டுபிடித்தால் மறுபடி பன்னிரண்டு வருஷம். விராட பர்வத்தில் அவர்கள் வேடம் போடுவது நாணயமாக நடந்துகொள்வதற்காக. பிள்ளைகளுக்கு இதைக் காட்டக் கூடாது என்கிறீர்களே!

அந்த இரவில் என்ன இருக்கிறது என்பதை உங்களில் சிலர் மறந்திருக்கலாம். வெளியூர்ப் பாடகர்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்ட அவசரத்தில் நினைவுக்கு வராமல் போயிருக்கலாம். அதனால் சொல்கிறேன்.

சுடுகாட்டு ஓரத்து வன்னிமரத்தில் ஆயுதங்களைக் கட்டி, யாரும் கிட்டே போகாமலிருக்க அதே மரத்தில் ஒரு பிணத்தையும் தொங்கவிட்டுவிட்டு, விராடனின் மச்ச நாட்டுக்குள் ஒவ்வொருவராக நுழைகிறார்கள். தருமன் சூதாடத் தெரிந்த கங்கனாக ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறான். சூதில் எல்லாவற்றையும் தோற்றவன் பகடையை உருட்டித்தான் அந்த வருஷத்தை ஓட்ட வேண்டும். வீமன் மடைப்பள்ளிக்குப் போகிறான். அர்ச்சுனன் பேடியாகி ராஜகுமாரி உத்தரைக்கு நாட்டியம் சொல்லித் தருகிறான். நகுலன் குதிரை லாயத்துக்கு, சகாதேவன் மாட்டுக் கொட்டிலுக்கு. திரௌபதி, சக்கரவர்த்தியின் பட்டத்து ராணி, இன்னொரு ராணிக்குத் தலை வாரிச் சந்தனம் அரைக்கும் சைரந்திரியாகிறாள்.

அப்புறம் கீசகன் வருகிறான். ராணியின் தம்பி, படைத்தலைவன், அவனைக் கேட்க அந்த நாட்டில் ஆள் இல்லை. அவனிடமிருந்து தப்பி ஓடி சபையில் வந்து விழுகிறவளை, ராஜாவின் கண்ணெதிரே காலால் உதைக்கிறான். என் அப்பா இந்த இடத்தை ஆடும்போது, விழுந்ததும் உடனே எழ மாட்டார். தலைமுடி முகத்தில் கிடக்க, தரையில் ஒரு கையை ஊன்றி, மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார். கங்கனைப் பார்ப்பார். சமையற்காரனைப் பார்ப்பார். மிருதங்கம் நின்றுவிடும், ஆர்மோனியப் பெட்டியில் மட்டும் ஒரு சுரம் இழுத்துக்கொண்டிருக்கும். ரெண்டு புருஷர்கள் அந்தச் சபையில் இருக்கிறார்கள். இருவராலும் வாய் திறக்க முடியாது. வீமன் அங்கே நிற்கும் மரத்தைப் பார்க்கிறான். பிடுங்கி அடிக்கப் போகிறான் என்று தருமனுக்குத் தெரிகிறது. “சமையற்காரா, விறகு வேண்டுமானால் வெளியே போய் வெட்டிக்கொள்” என்கிறான். அந்த ஒரு வரிக்குள் எத்தனை இருக்கிறது! தம்பியை அடக்க வேண்டும், மனைவி உதைபட்டதைப் பொறுக்க வேண்டும், வேடமும் கலையக் கூடாது. நெற்றியில் வியர்வை பூத்தது என்று பாரதம் சொல்கிறது. இதை நேரில் பார்த்த பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும் என்றா நினைக்கிறீர்கள்?

அந்த இரவு ஊர்ப் பெண்களுக்கு என்ன செய்தது என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான். சைரந்திரி எழுந்து நின்று, “அரசனே, உன் சபையில் ஒரு வேலைக்காரியை உதைத்தால் அது தர்மமா?” என்று கேட்கும்போது பெண்கள் பக்கம் ஒரு சத்தம் இருக்காது. ஒரு வருஷம், மறுநாள் நடவில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக ஓர் அக்கா, டவுனில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் மேஸ்திரி தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். அதுவரை தன் அம்மாவிடம்கூடச் சொல்லாதது. மற்றவர்கள் நாற்றைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். அடுத்த வாரம் அவளோடு துணைக்கு நாலு பேர் போய் அந்த மேஸ்திரியைக் கேட்டுவிட்டு வந்தார்கள். ராணி வேலைக்காரியாக வேடம் போட்ட கதைதான் எங்கள் ஊர் வேலைக்காரிகளின் கதையைச் சபையில் வைத்துக் கேட்ட ஒரே கதை. அந்த இரவில் இன்னிசைக் கச்சேரி வைத்தால் அது யாருக்காகப் பாடும்?

இரண்டாவது பேச்சு, புடவை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

வேடம் கட்டும் நாளில் அப்பா காலையிலிருந்து விரதம். சாயங்காலம் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வேடம் கட்டும் இடத்தில் சின்னக் கண்ணாடியை முழங்காலில் நிறுத்தி உட்காருவார். முகத்துக்கு முத்துவெள்ளையும் அரிதாரமும் குழைத்துப் பூசி, புருவத்தைத் தீட்டி, கடைசியில் பொட்டு வைப்பார். பொட்டு வைத்துவிட்டால் அதற்கப்புறம் பீடி கிடையாது, வீண் பேச்சு கிடையாது. நான் போய் “அப்பா” என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அம்மாவின் கூறைப்புடவையைத்தான் துகில் இரவுக்குக் கட்டுவார். அம்மா அதைத் துவைத்து மடித்து, மேலே ஒரு முழம் பூ வைத்துக் கொடுப்பாள்.

பதினெட்டாம் போர் முடிந்து படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் பக்கத்தில் திரௌபதி கூந்தல் முடிக்கும்போது கற்பூரம் காட்டியது யார்? நீங்கள். மஞ்சள் குங்குமம் தட்டில் வைத்து நீட்டியது உங்கள் வீட்டுப் பெண்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் போட்டு எடுத்தார்கள். அந்தப் புடவைக்குள் இருந்தது இதே ஆம்பளைதான். இந்த வருஷமும் படுகளம் நோட்டீசில் இருக்கிறது. படுகளத்தில் கும்பிடும் கோலம் விராட பர்வத்தில் எப்படி அசிங்கமாகும்? ஒன்று இரண்டு இரவும் சரி, இல்லையென்றால் இரண்டும் தப்பு. உங்களால் இரண்டாவதைச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டீர்கள்.

எனக்குத் தெரியும், உங்களுக்குக் கூச்சம் தருவது சைரந்திரியைவிடப் பிருகன்னளைதான். அர்ச்சுனன் பின்னல் போட்டு, வளையல் மாட்டி வருவதைப் பார்த்துச் சின்னப் பையன்கள் சிரிக்கிறார்கள், அதனால் பெரியவர்களுக்குச் சங்கடம். கதையிலும் சிரித்தார்கள். மாடு பிடிக்க வந்த கௌரவர் சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான் விராடன் மகன் உத்தரன். பெண்கள் முன்னால் வீரம் பேசிவிட்டு வந்த பிள்ளை அவன். அவனைப் பிடிக்கப் பின்னல் பறக்கப் பிருகன்னளை ஓடும்போது எதிரே நிற்கும் சேனை முழுக்கச் சிரிக்கிறது. சிரித்தவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரத்தில் மயங்கிக் கிடக்கிறார்கள். அவர்கள் மேலாடைகளை உருவி எடுத்துப் போய் உத்தரையின் பொம்மைகளுக்குக் கொடுக்கிறாள் பிருகன்னளை. புறப்படும்போது அந்தப் பெண் கேட்டனுப்பியது அதைத்தான். சிரிக்கிற பையன்கள் முழு இரவும் உட்கார்ந்து இதைப் பார்க்கட்டும். பாதியில் எழுப்பி அனுப்பினால்தான் சிரிப்போடு போவார்கள்.

எங்கள் ஊரிலிருந்து போன ஒரு திருநங்கை அக்கா இருக்கிறாள். தீமிதிக்கு வர மாட்டாள், திருவிழாக் கடை பார்க்க வர மாட்டாள், விராட பர்வ இரவுக்கு மட்டும் வந்து பெண்களோடு உட்காருவாள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள சித்திரையில் எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் வருவது உங்களுக்குத் தெரியாததில்லை. அதுவும் இந்தப் பாரதம்தான். கண்ணன் மோகினியாகி அரவானை மணந்த கதைதான். சொந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஓர் இரவு. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

குறவஞ்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதி குறத்தி வேடத்தில் அஸ்தினாபுரம் போய் எதிரியின் அரண்மனைப் பெண்களுக்கே குறி சொல்லும் இந்தக் கதை கூத்து வாத்தியார்கள் வாய்வழியாகவும் கையெழுத்து நோட்டிலும் காப்பாற்றி வைத்தது. பகலில் பிரசங்கியார் சொல்லும் வில்லிபாரதம் 4,000 பாட்டுக்கு மேல் இருந்தாலும் அதில் போய்த் தேடி இதை மீட்க முடியாது. ஆடினால் இருக்கும், ஆடாவிட்டால் போய்விடும்.

பிள்ளைகள் வேடத்தைப் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துத் திருக்கோவலூரை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வந்த முத்தநாதனை அடியார் என்று நம்பி உள்ளே விட்டு உயிரை விட்டார். பெரியபுராணம் படிக்கிற வீட்டில் இந்தக் கதையைத் தாண்டிப் போவதில்லை. வாசலில் நின்ற தத்தன் சந்தேகப்பட்டான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் பாங்க் ஆபீசர் என்று போனில் பேசிச் சேமிப்பை முழுக்க உருவிவிட்டார்கள், நீங்களே பஞ்சாயத்தில் வைத்து வருத்தப்பட்டீர்கள். மரியாதையான கோலத்தில் திருடன் வருவான் என்பதைப் பிள்ளைகள் எங்கேதான் தெரிந்துகொள்வார்கள்?

கூட்டம் வருவதில்லை என்றும் ஒரு காரணம் காதில் விழுந்தது. போன வருஷம் என்ன நடந்தது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆட வேண்டிய கூத்தை, பாட்டுக் கச்சேரி முடியட்டும் என்று நடுநிசி தாண்டும்வரை காக்கவைத்தீர்கள். கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு கீசகன் வேடக்காரர் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தாலும், இறுக்கிக் கட்டினால் தோளை அறுக்கும். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மைக்கைப் பிடுங்கி, சீக்கிரம் முடியுங்கள் என்று ஒருவர் அறிவித்தார். ஜனங்கள் கலைந்தார்கள். கலைந்ததற்குக் கூத்தைக் குறை சொன்னால் என்ன நியாயம்?

விராட பர்வம் மழைக்கு என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மழை பொய்த்தால் அதைப் படிக்கச் சொல்வதும் ஆடச் சொல்வதும் நம் பெரியவர்கள் வழக்கம். ஒளிந்திருக்கும் பாண்டவர்களைத் தேடும் துரியோதனனிடம் பீஷ்மர் சொல்கிறார்: தருமன் இருக்கும் நாட்டில் மழை காலத்தில் பெய்யும், பயிர் செழிக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். எந்த வேடம் போட்டாலும் தருமனால் மறைக்க முடியாதது அது ஒன்றுதான். ஏரி காய்ந்து கிடக்கிற இந்த வருஷம் பார்த்தா இந்த இரவை எடுக்க வேண்டும்?

எடுத்தால் மற்ற இரவுகளும் நொண்டும். அபிமன்யு சண்டையில் தாலி அறுக்கும் உத்தரை யார்? பிருகன்னளையிடம் நாட்டியம் கற்ற பிள்ளை. விராடன் அவளை அர்ச்சுனனுக்கே கொடுக்க வந்தபோது, “ஒரு வருஷம் மகளாக வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், என் மகனுக்குத் தாருங்கள்” என்று மருமகளாக வாங்கியவள். பொம்மைக்குத் துணி கேட்ட பெண்ணை முந்தின இரவுகளில் பார்த்தவர்கள்தான் அன்றைக்கு அழுவார்கள். அவள் வயிற்றில் இருப்பதுதான் மிஞ்சும் ஒரே வாரிசு.

இனி நான் கேட்பது.

காப்புக் கட்டுவதற்கு முன் நோட்டீசைத் திருத்தி அச்சடியுங்கள். குறவஞ்சியும் விராட பர்வமும் பழைய வரிசையில், முழு இரவாக, இரண்டு கதையையும் ஒரே இரவில் திணிக்காமல் நடக்க வேண்டும். கூத்து இருக்கும் எந்த இரவிலும் கோயில் வாசலில் வேறு மேடை கூடாது. கச்சேரி வேண்டுமென்றால் தீமிதி முடிந்த மறுநாள் வையுங்கள். பத்து மணிக்குக் கூத்து தொடங்கட்டும், விடியும்வரை மைக் கூத்து ஜமாவிடம் இருக்கட்டும்.

கூத்து வாத்தியாருக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு இரண்டு இரவுக்குக் கழித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கைவிட்டு, பேசிய தொகையை முழுசாகக் கொடுங்கள். பெண் வேடக்காரர்களைப் பற்றிக் கூட்டத்தில் சொன்ன வார்த்தையை அதே மண்டபத்தில், அவர்களை உட்காரவைத்துத் திரும்பப் பெறுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். அதனால் நான் கேட்கிறேன்.

குழுவில் ஒரு பெண்கூட இல்லை. திரௌபதி கோயிலுக்கு இப்படி ஒரு குழு இருப்பதை இந்த வருஷத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். நடவுக்குப் போகும் பெண்களிலிருந்து இரண்டு பேரையாவது சேர்த்து, அடுத்த கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்தில், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் கூட்டுங்கள்.

பணம்தான் தடை என்றால், விராட பர்வ இரவின் உபயத்தை எங்கள் வீடு எடுத்துக்கொள்கிறது. ஜமாவுக்குச் சாப்பாடு உட்பட எல்லாம் எங்கள் பொறுப்பு. உபயதாரர் பெயர் போடும் இடத்தில் என் அப்பா பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘பெண் வேடம்’ என்றும் சேர்த்து அச்சடிக்க வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிறேன். பதிலை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கூத்துக்காரர் வீட்டுப் பெண்